எடை இறங்கிய பிறகும் கணக்கு வேண்டுமா?

(ஆண்டுச் சந்திப்பின் முற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)

முதல்வர் அவர்களே, எங்களுக்குப் பாடம் சொல்லி ஆளாக்கிய ஆசிரியப் பெருமக்களே, முன்னாள் மாணவ நண்பர்களே, இவன் எப்போது மைக்கை விடுவான் என்று பின்வரிசையில் காத்திருக்கும் இந்நாள் மாணவச் செல்வங்களே!

சங்கச் செயலாளர் ஒரு மாதத்துக்கு முன்னால் போன் பண்ணினார். "நீதான் எடையைக் குறைச்சு ஆளே மாறிட்டியே, அதைப் பத்திப் பேசேன்" என்றார். எடையைக் குறைப்பதைப் பற்றிப் பேச நாட்டில் ஆள் நிறைய இருக்கிறது. குறைத்த பிறகு மறுநாள் காலையில் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆளைக் காணோம். அதைப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். மனுஷன் சாப்பாட்டு மணிக்கு முந்தின இடத்தில் என்னைப் போட்டுவிட்டார். கேசரி வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1982-ல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து இந்த வாசலைத் தாண்டும்போது என் எடை 58 கிலோ. விடுதிச் சாம்பாரின் மகிமை. அப்புறம் வங்கி உத்தியோகம். உட்கார்ந்த வேலை, ஊர் ஊராக மாற்றல், ஹோட்டல் சாப்பாடு. 2019-ல் 94 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இனி உங்கள் பாடு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வங்கிக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், கணக்கு. இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்கினேன். அடுக்களைக்கு ஒரு சின்ன மின் தராசு வாங்கினேன். நகைக்கடன் பிரிவில் தராசு பிடித்த கை அல்லவா, சாதத்தையும் வெண்டைக்காய்ப் பொரியலையும் கிராம் சுத்தமாக நிறுத்தேன். "ஏங்க, இது அடுக்களையா, நகைக்கடையா?" என்று வீட்டில் கேட்டாள். நான் கண்டுகொள்ளவில்லை. ஊரடங்கு வந்தது, மொட்டை மாடியில் நடந்தேன். பதினாலு மாதத்தில் 77 கிலோ.

அன்றைக்கே நோட்டை மூடி பரண்மேல் போட்டேன். பரீட்சை முடிந்த மறுநாள் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டோமே, அதே சந்தோஷம். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் 86 கிலோ!

ஏன் ஏறியது என்பது பிறகுதான் புரிந்தது. 94 கிலோ உடம்பைச் சுமந்து நடக்க ஆகும் செலவு வேறு, 77 கிலோ உடம்புக்கு ஆகும் செலவு வேறு. சம்பளம் குறைந்த பிறகும் பழைய வீட்டு வாடகையே கொடுத்தால் என்ன ஆகும்? நான் அதைத்தான் செய்தேன். போதாததற்கு, இளைத்த உடம்பு கணக்கில் வருவதைவிடவும் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகிக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவில் எடை குறைப்புப் போட்டி நடத்திய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு வருஷம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு பரிசோதித்தது. 2016-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அவர்கள் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சராசரியாக 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் அதிவேகத்தில் இளைத்தவர்கள், நம்மை மாதிரிச் சாதாரண ஆட்களுக்கு அவ்வளவு இருக்காது. ஆனாலும் "இறங்கியாச்சு, இனி பழையபடி சாப்பிடலாம்" என்ற நினைப்பு தப்பு என்பதற்கு இது போதும்.

சரி, இரண்டாம் சுற்று. மறுபடி நோட்டு, மறுபடி தராசு. 2022-ல், நான் ஓய்வு பெற்ற வருஷம், மறுபடி 77. இந்தத் தடவை பயம் பிடித்துக்கொண்டது. நோட்டை மூடினால் எடை ஏறிவிடும் என்று மூடவே இல்லை. சட்டைப்பையில் சின்னத் துண்டுச்சீட்டு. கல்யாணப் பந்தியில் இலையில் வடை விழுந்தால் எனக்குக் கண்ணில் தெரிந்தது வடை இல்லை, நம்பர். ராத்திரி படுக்கையில் நாளைய கணக்கு. அதில் ஒரு பெருமையும் இருந்தது, மறைப்பானேன்?

2024 கோடை விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். பன்னிரண்டு வயது, குச்சி மாதிரி இருப்பாள். நான் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். "தாத்தா, இந்த முறுக்கு எத்தனை?" என்பாள். "எழுபது" என்பேன். "இந்த மைசூர்பாகு?" அதற்கும் சொல்வேன். குழந்தைக்குப் பொது அறிவு வளர்கிறது என்று எனக்கு நினைப்பு.

பத்தாம் நாள் படுக்கையைத் தட்டும்போது என் மனைவி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தாள். என் நோட்டைப் போலவே கோடு போட்டு, தேதி போட்டு. இட்லி இரண்டு, 120. பால் வேண்டாம். சாதம் ஒரு கரண்டி. கீழே கூட்டல். ஒரு நாள் 850, ஒரு நாள் 790. அந்த வயசுப் பெண் குழந்தைக்கு நாளுக்கு 2,000 கலோரிக்கு மேல் வேண்டும். ஒரு பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் "குட்" என்று தனக்குத்தானே போட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் என்னிடமிருந்து கற்றதுதான்.

மகளுக்குப் போன் போட்டோம். அவள் கத்தவில்லை. "அப்பா, முதல்ல உங்க நோட்டை எடுத்து உள்ளே வைங்க" என்றாள், அவ்வளவுதான். குழந்தையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டி, பேசிப் பேசி, பழையபடி பால் குடிக்க வைக்க ஆறு மாதம் பிடித்தது. இப்போதும் தட்டில் எதையாவது ஒதுக்கினால் என் மனைவி என் முகத்தைப் பார்க்கிறாள்.

நோட்டை உள்ளே வைத்தாயிற்று. எடை ஏறினால்? அந்தப் பயத்தில்தான் முதல்முறையாக உட்கார்ந்து யோசித்தேன். படித்த இயற்பியல் கைகொடுத்தது.

நம் ஆய்வுக்கூடத்துச் செம்புக் கலோரிமீட்டர் ஞாபகம் இருக்கிறதா? வெந்நீரை ஊற்றிக் கலக்கி, அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் வெப்பமானியைப் பார்த்து, வெளியே கசிந்த வெப்பத்துக்குத் திருத்தம் போட்டு, அப்படியும் விடை வராவிட்டால் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து வரவழைப்போமே. (ஆசிரியர்கள் மன்னிக்க.) சாப்பாட்டுக் கலோரியின் பிறப்பிடமும் அப்படி ஒரு பெட்டிதான். 1890-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர் என்ற வேதியியலாரும் ரோசா என்ற இயற்பியலாரும் மனிதனையே உள்ளே உட்கார வைக்கும் கலோரிமீட்டர் அறை கட்டினார்கள். ஆள் நாள்கணக்கில் அதற்குள் சாப்பிட்டுத் தூங்குவார், வெளியே வெப்பத்தை அளப்பார்கள். மாவுச்சத்துக்கு கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றைக்கும் நாம் போடும் கணக்கு அட்வாட்டர் கொடுத்தது.

நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு இந்த எண்கள் வந்த கதை இன்னும் சுவாரசியம். குன்னூர்க் கிளையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. நடந்து போகும்போதெல்லாம் பார்ப்பேன். அங்கேதான் 1918-ல் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட், குன்னூரிலிருந்தே 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். 1958-ல் அந்த ஆய்வுக்கூடம் ஹைதராபாத் போயிற்று, இன்றைக்கு அதுதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2017-ல் 528 உணவுப்பொருள்களுக்கு அட்டவணை போட்டிருக்கிறார்கள். அய்க்ராய்ட் பின்னாளில் வங்கப் பஞ்சத்தை விசாரித்த குழுவில் உறுப்பினராக இருந்தவர். சோறு போதவில்லை என்று தெரிந்துகொள்ள அவர்கள் போட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு நான் வடையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். என் பேத்தி பாலைத் தள்ளினாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. வருஷத்துக்கு ஒரு கிலோ ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமானால், 365-ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 21 கலோரி. ஒரு ஸ்பூன் சர்க்கரை! உடம்பு இவ்வளவு நேர்க்கோட்டில் நடக்காது என்பது தெரியும், இருந்தாலும் அளவு புரிகிறதல்லவா? இப்போது என் நோட்டின் பிழையைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. தோசைக்கல்லில் அன்றைக்கு எத்தனை சுற்று எண்ணெய் விட்டாள் என்று யாருக்குத் தெரியும்? என் நோட்டில் இட்லி 60. ஹோட்டல் இட்லி அதைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும். அமெரிக்காவில் பாக்கெட்டின் மேல் அச்சடித்த கலோரிக்கே இருபது சதவீதம் கூடுதலை அனுமதிக்கிறார்கள். எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும் என் கணக்கில் நாளுக்கு 200 கலோரி பிழை இருந்தே தீரும்.

அப்படியானால் எடை குறைக்கும்போது மட்டும் நோட்டு எப்படி வேலை செய்தது? அப்போது நாளுக்கு 500 கலோரி குறைத்துக்கொண்டிருந்தேன். ஐந்நூறில் இருநூறு பிழை போனாலும் முந்நூறு மிச்சம். ஆனால் எடையை நிலையாக வைக்க இருபத்தொன்றைப் பிடிக்க வேண்டும். மீட்டர் அளவுகோலை வைத்துக்கொண்டு தலைமுடியின் தடிமனை அளக்கப் புறப்பட்ட கதை. திருகு அளவி வேண்டாமா? இங்கே திருகு அளவி என்பது எடை பார்க்கும் மெஷின்தான். நான் எழுத மறந்த எண்ணெயையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இதை என் மூளையில் உதித்ததாகச் சொல்ல மாட்டேன். ரெனா விங் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உடல் எடையில் பத்து சதவீதமாவது குறைத்திருந்த 314 பேர். ஒரு பிரிவுக்குச் செய்திமடல் மட்டும். இன்னொரு பிரிவை நேரில் கூட்டி, தினமும் எடை பார்க்கச் சொல்லி, நம் சிக்னல் விளக்கு மாதிரி மூன்று நிறம் கொடுத்தார்கள். 1.4 கிலோவுக்குள் ஏறினால் பச்சை, ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்கு மேலே மஞ்சள், கொஞ்சம் கவனி. 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு, குறைத்த காலத்து முறையை மறுபடி எடு. பதினெட்டு மாதத்தில் செய்திமடல்காரர்களுக்குச் சராசரியாக 4.9 கிலோ ஏறியது, நேரில் வந்தவர்களுக்கு 2.5. இதே விங் அம்மையார் இன்னொருவரோடு சேர்ந்து 1994-ல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், குறைத்த எடையைக் காப்பாற்றி வருகிற பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். தாங்களாகப் பேர் கொடுத்தவர்கள் என்பதால் இதையே நிரூபணமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் பார்த்தவரை ஒத்துத்தான் போகிறது.

வங்கி நண்பர்களுக்கு ஒரு வார்த்தையில் விளங்கும். தகராறான கிளைக்குக் கூடவே உட்கார்ந்து தினம் தினம் பார்க்கும் தணிக்கை. ஒழுங்காக ஓடும் கிளைக்கு எப்போதாவது ஒரு தடவை. ஒழுங்கான கிளையில் போய் வருஷம் முழுக்க உட்கார்ந்தால் அங்கே வேலை நடக்காது.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். காலையில் எழுந்து, வயிறு காலியானதும் எடை. அப்பளமும் ஊறுகாயும் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடத் தெரியும், அது தண்ணீர், அதற்குப் பதறக் கூடாது. சனிக்கிழமை வாரச் சராசரி பார்ப்பேன். 79-ஐத் தாண்டினால் பரணிலிருந்து நோட்டு இறங்கும், நாலைந்து வாரம் எழுதுவேன், 77 வந்ததும் திரும்பப் பரண். சாப்பாட்டில் நோட்டு கற்றுக்கொடுத்த சில பழக்கங்கள் மட்டும் தங்கிவிட்டன. சாதம் இரண்டு கரண்டி, மூன்றாவது கிடையாது. சாயங்காலம் நொறுக்குத்தீனி தட்டில் வைத்துத்தான், டப்பாவில் கைவிட்டு இல்லை. நடை ஒரு மணி நேரம். பேத்தி வந்திருக்கும்போது எடை மெஷின் பீரோவுக்குள் போய்விடும்.

எல்லாரும் நோட்டை மூடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் செட்டிலேயே ஒரு நண்பர் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அது பல் தேய்ப்பது மாதிரி, இரண்டு நிமிஷ வேலை. பந்தியில் சந்தோஷமாக உட்கார்கிறார். அவர் எழுதட்டும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் சாப்பாட்டை அளப்பது வேறு காரணத்துக்காக, அதில் நான் வாய் வைக்கக் கூடாது, டாக்டர் சொன்னபடிதான். ஆனால் எழுதாத நாளில் கைகால் ஓடவில்லை, விருந்து என்றால் பயமாக இருக்கிறது, ஒரு லட்டு சாப்பிட்டதற்கு மறுநாள் பட்டினி கிடக்கத் தோன்றுகிறது என்றால், அது எடை பற்றிய விஷயமாக இல்லாமல் போய் நாளாயிற்று. நோட்டைக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் கைப்பேசியிலேயே இப்போது இந்த நோட்டு இருக்கிறது. உங்களில் பலருக்கு எடை குறைய வேண்டிய அவசியமே இல்லை. கண்ணாடியும் கூட இருப்பவர்களும் வேறு மாதிரி சொல்வார்கள். விடுதியில் பக்கத்து அறைத் தோழியோ தோழனோ சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிக் காணாமல் போனால், கேலி பண்ணாதீர்கள். கூடப் போய் உட்காருங்கள். வார்டனிடமோ வீட்டிலோ சொல்லத் தயங்க வேண்டாம். எங்கள் வீட்டில் தலையணையைத் தட்டியதால்தான் தெரிந்தது.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். என் எடை என்ன என்று கேட்கத் துடிக்கிறவர்களுக்கு, போன சனிக்கிழமை 78.2. பச்சை விளக்கு. கேசரி ஒரு கரண்டி உண்டு.