படிக்கப்போகும் துறையோடு பழகுவோம்



எஸ்.பி.எம். தேர்வுக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவில் ஓர் ஆண்டு இருக்கிறது. மெட்ரிகுலேசன் என்கிறோம்; பல்கலைக்கழகங்களில் அஸாசி என்றும் அடிப்படைக் கல்வி என்றும் சொல்கிறார்கள். நாம் பொதுவாகப் புகுமுக ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் ஒரு மாணவர் தாம் விரும்பிய துறையோடு எப்படிப் பழகுவது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கெடா மாநிலத்தில் இதற்கான இடங்கள் உண்டு. சாங்லூனில் ஒரு மெட்ரிகுலேசன் கல்லூரி; பெண்டாங்கில் பொறியியலுக்கென்று மற்றொன்று. பீடோங்கை அடுத்த செமிலிங்கில், 2001ஆம் ஆண்டு தோன்றிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாடு முழுவதும் மெட்ரிகுலேசன் கல்லூரிகளில் இந்திய மாணவர்களுக்கென 2012இல் 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2018இல் அது 2,200 ஆயிற்று. இடம் கேட்டு நம் சமுதாயம் நெடுங்காலம் குரல் கொடுத்திருக்கிறது. இடம் கிடைத்தபின் நடப்பதும் அதே அளவுக்கு முக்கியம் அல்லவா?

என்ன நடக்கிறது? மருந்தியல் படிக்க வேண்டும் என்று ஒரு மாணவி வருகிறாள். வந்த நாள் முதல் வேதியியல், உயிரியல், கணிதம் என்றே பாடம் நடக்கிறது. மருந்து என்ற சொல்லே காதில் விழவில்லை. "என் பாடம் எப்போது வரும்?" என்று காத்திருக்கிறாள். காத்திருந்து சலித்தவுடன், புள்ளிக்காக மனப்பாடம் செய்யத் தொடங்குகிறாள். புள்ளியும் வரலாம், ஆனால் துறையின்மேல் பற்று வருவதில்லை. பிறகு பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில், "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று திரும்பினால் என்ன ஆகும்? தாயின் நகையும் தந்தையின் சேமிப்பும் அதற்குள் கரைந்திருக்கும். கல்விக் கடன் மட்டும் தலைமேல் நிற்கும்.

இதற்குப் பரிகாரம் என்ன? புகுமுகப் பாடத்துக்கும் பட்டத் துறைக்கும் உள்ள தொடர்பைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்ட வேண்டும். அதற்குக் கெடாவின் தோட்டங்களே நல்ல பாடநூல்.

பால்மரத்தை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் வெட்டப் போவது ஏன்? வெயில் ஏறினால் இலை வழியே நீர் ஆவியாகிறது, மரத்தின் உள்ளழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக உளியை இழுப்பது ஏன்? பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக மேலே போவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. எதிர்ச்சாய்வில் வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும். சில மணி நேரத்தில் பால் தானாக நின்றுவிடுகிறதே, அது ஏன்? குழாயின் வாயை நுண்துகள்கள் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. நம் காயத்தில் இரத்தம் உறைந்து நிற்பதை இது நினைவூட்டவில்லையா? மருத்துவம் படிக்க வந்த பிள்ளைக்கு உயிரியல் பாடம் இங்கே உயிர் பெறும்.

ஸ்டோருக்குப் போன பாலில் அமிலம் ஊற்றுகிறார்கள். பாலிலுள்ள ரப்பர் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கி நிற்பவை. ஃபார்மிக் அமிலம் அந்த மின்னேற்றத்தைப் போக்குகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன, பால் உறைகிறது. மங்கில் மிச்சமிருக்கும் பால் அமிலம் ஊற்றாமலே மறுநாள் ஒட்டுப்பால் ஆகிறதே! அங்கே அமிலத்தை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள். வேதிப் பொறியியலுக்கும் உயிர்த்தொழில்நுட்பத்துக்கும் இதைவிட நல்ல வாசல் வேண்டுமா? கணக்கியல் மாணவருக்கும் இங்கே பாடம் உண்டு. நூறு கிலோ பாலில் உலர்ந்த ரப்பர் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோதான். அந்த விழுக்காட்டைத் தவறாகக் குறித்தால் யாருடைய வருமானம் குறையும் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சுங்கை பட்டாணியில் வளரும் பிள்ளை பால் வெட்டுவதைப் பார்த்தே இருக்காது. ஆனால் வீட்டில் பாட்டி இருக்கலாம். எப்படி என்பது பாட்டிக்குத் தெரியும். ஏன் என்பதைப் பேத்தி பாடத்தில் கற்கிறாள். இருவரும் உட்கார்ந்து பேசினால் பாடம் மனத்தில் நிற்கும்.

மற்றத் துறைகளுக்கும் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கட்டடப் பொறியியலுக்கு வருபவர், மூடா அணையின் நீரை மலைக்குள் சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டைப் படித்துப் பார்க்கலாம். வரலாறு நாடுபவருக்குச் சுங்கை பத்து இருக்கிறது. பண்டைய இரும்பு உருக்கு உலைகளை 2009 முதல் அங்கே அகழ்ந்தெடுத்தார்கள். சட்டம் படிக்க வருபவர், 1947இல் பீடோங் வட்டாரத் தொழிலாளர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்து நடத்திய போராட்டத்தைப் படித்து, "அன்றைய சட்டம் இவர்களுக்கு எந்த உரிமையைத் தந்தது?" என்று வினவலாம்.

இனி, யார் என்ன செய்யலாம்? விரிவுரையாளர்கள் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இந்தப் பாடம் எந்தத் துறையில் எங்கே பயன்படும் என்று சொல்லலாம். மாணவர்கள், தாம் விரும்பும் துறையில் முதலாண்டு படிக்கும் மூத்த மாணவர் ஒருவரைத் தேடிப் போய், அவருடைய நூலையும் குறிப்பேட்டையும் புரட்டிப் பார்க்கலாம். மருந்தகம், ஆய்வுக்கூடம், கூலிம் தொழிற்சாலை என்று ஒரு நாளேனும் உள்ளே நின்று வேலை நடப்பதைக் காண முயலலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். "எத்தனை புள்ளி?" என்று கேட்கும் வாயால், "இன்றைக்கு என்ன புதிதாகத் தெரிந்துகொண்டாய்?" என்றும் கேளுங்கள். பழகிப் பார்த்தபின், "அப்பா, எனக்கு மருத்துவம் வேண்டாம், கணிதம்தான் பிடிக்கிறது" என்று பிள்ளை சொன்னால் கோபிக்காதீர்கள். மெட்ரிகுலேசன் முடித்தவர்கள் பட்டப்படிப்புக்குத் தனியே விண்ணப்பம் செய்கிறார்கள். மாற்றிக்கொள்ள வழி இருக்கும்போது சொல்லும் பிள்ளை குடும்பத்துக்கு நன்மையே செய்கிறது. அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி அதன் வாயை அடைத்தால், அதே சொல்லைப் பின்னாளில் பெரும் இழப்போடு கேட்க நேரும்.

ஆகவே, புகுமுக ஆண்டை வெறும் காத்திருப்பாகக் கழித்துவிட வேண்டாம். துறையும் மாணவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் காலம் அது. அந்த அறிமுகத்தை நாம் எல்லோரும் கூடி நடத்திவைப்போம்.