ஒற்றையாட்சியும் ஒருமித்த நாடும்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சென்ற தவணையில் ஒருநாள் உயர்தர வகுப்பில் பெயரெச்சம் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், 'ஒருமித்த நாடு' என்பதிலும் பெயரெச்சம் இருக்கிறதுதானே? அப்படியென்றால் ஒருமித்தது யார்?" என்று கேட்டான். அந்தத் தொடரை அவன் அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் எழுதி வந்திருக்கிறான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய உரை.

இத்தொடரின் வரலாற்றை முதலில் நோக்குவோம். 2016ஆம் ஆண்டு நமது பாராளுமன்றம் புதிய அரசியலமைப்பொன்றை ஆக்கும் நோக்குடன் அரசியலமைப்புச் சபையாகக் கூடிற்று. அதன் வழிநடத்தல் குழு 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கையொன்றை வெளியிட்டது. அரசின் தன்மையைக் குறிக்கச் சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய' என்றும், தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் அவ்வறிக்கை எழுதிற்று. இவற்றுக்கு நிகரென இதுவரை வழங்கிய ஆங்கிலச் சொல் இனிப் பொருந்தாது என்றது. அதற்குக் காட்டிய காரணந்தான் விசித்திரமானது. ஐக்கிய இராச்சியத்திலிருந்து ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் விலகிச் செல்வது இப்போது சாத்தியமாகிவிட்டதால், அந்தச் சொல்லின் பழைய பொருள் மாறிவிட்டதாம். எங்கோ வடகடலோரத்தில் நடந்த ஒரு வாக்கெடுப்பு, நம் நாட்டு அரசியலமைப்பு வரைவின் அகராதியைத் திருத்த வந்துவிட்டது!

அந்த வாக்கெடுப்பு 2014 செப்டெம்பர் 18ஆந் திகதி நடைபெற்றது. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த ஸ்கொட்லாந்து, தன் சட்டமுறையையும் திருச்சபையையும் கல்விமுறையையும் கைவிடாமலே இணைந்தது. மொழியால் அவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசுவோரே. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கேலிக் மொழி பேசுவோர் ஏறத்தாழ 57,000 பேர்தான். ஆயினும் தாம் ஒரு தேசத்தவர் என்ற உணர்வு அங்கே அழியவில்லை. 1997இல் நடந்த வாக்கெடுப்பின் பயனாக 1999இல் எடின்பரோவில் அவர்களுக்கென ஒரு பாராளுமன்றம் மீண்டும் கூடியது. நம் பிரச்சினையோ 1956இன் மொழிச் சட்டத்தோடு கூர்மையடைந்தது. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் இட முடியாது. ஆனால் சொல்லை அவர்கள் எவ்வாறு கையாண்டார்கள் என்பது மொழி ஆசிரியனாகிய என் கவனத்தை ஈர்க்கிறது.

வாக்குச்சீட்டில் என்ன கேட்பது? ஸ்கொட்லாந்து சுதந்திர நாடாக வேண்டும் என்பதை 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்று கேட்கவே அங்குள்ள அரசு முதலில் எண்ணியிருந்தது. தேர்தல் ஆணைக்குழு அதைப் பொதுமக்களிடம் பரீட்சித்துப் பார்த்து, 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்ற சொல் 'ஆம்' என்ற விடையின் பக்கம் ஆளைத் தள்ளுகிறது என்று கண்டது. அச்சொல் நீக்கப்பட்டது. 'சுதந்திர நாடாக வேண்டுமா' என்ற வெறுங் கேள்வியே எஞ்சியது. ஒரு தேசத்தின் தலைவிதியைத் தீர்க்கும் வாக்கியத்தில் ஒரு வினைச்சொல் எவ்வளவு கனம் பெறுகிறது பாருங்கள்!

பதிவுபெற்றோரில் 84.6 வீதத்தினர் வாக்களித்தனர். 'வேண்டாம்' என்றோர் 55.3 வீதம், 'வேண்டும்' என்றோர் 44.7 வீதம். பதினாறு வயதினரும் வாக்களித்தனர். இலண்டனில் குடியிருந்த ஸ்கொட்லாந்தியருக்கு வாக்கு இல்லை. ஆனால் அங்கே சட்டப்படி வாழ்ந்த பொதுநலவாய நாட்டவருக்கு இருந்தது. என்னிடம் படித்துக் கிளாஸ்கோவில் குடியேறிய மாணவர் ஒருவர் அன்றிரவு தொலைபேசியில் பேசினார். "சேர், எந்தப் பக்கம் போட்டேன் என்று கேட்காதீர்கள். ஒரு நாடு பிரிவதா சேர்வதா என்று என்னிடம் ஒருவர் மரியாதையாகக் கேட்டது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை" என்றார். அதன்பின் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

ஸ்கொட்லாந்தின் கதை அத்துடன் முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரின் சம்மதமின்றி இன்னொரு வாக்கெடுப்பை நடத்த ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்த்தது. ஆகவே, விலகிச் செல்லும் வழி நம் அறிக்கை கருதிய அளவுக்கு அகலமானதும் அல்ல.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சமஷ்டி பற்றி 1926இலேயே எடுத்துப் பேசியவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. 1949 டிசெம்பரில் செல்வநாயகம் அவர்களின் தலைமையில் தோன்றிய கட்சி ஆங்கிலத்தில் 'சமஷ்டிக் கட்சி' என்றும் தமிழில் 'தமிழரசுக் கட்சி' என்றும் பெயர் சூடிற்று. ஒரே கட்சிக்கு இரு மொழியில் இரு பொருள் தரும் பெயர்கள். அந்த இடைவெளியில் சந்தேகம் குடிபுகுந்தது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு இலங்கையை ஒற்றையாட்சி அரசு என முதன்முறையாக எழுத்தில் பிரகடனஞ் செய்தது. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனி அரசு என்றது. 1983இன் ஆறாவது திருத்தம் அந்தப் பேச்சையே தடைசெய்தது. அரச சேவையில் சேர்ந்தபோது அத்திருத்தத்தின்படியான சத்தியத்தில் நானும் கையொப்பமிட்டவன். நான் இங்கே எந்தக் கட்சிக்கும் வழக்காட வரவில்லை. 2009 வரை நாம் கொடுத்த விலையை அறிந்தவன் சொல்லை எடுத்தெறிந்து பேசமாட்டான்.

அக்கட்சி தன் யாப்பில் 'சமஷ்டி' என்றிருந்த இடத்தில் 'இணைப்பாட்சி' என்று இட்டது. இது பிரிவினைக்கு அடையாளமென வழக்குத் தொடரப்பட்டது. ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டியைக் கோருவது தனிநாடு கோருவதாகாது என்று நமது உயர் நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தமிழ்ச் சொல் ஒன்று நீதிமன்றப் படியேறிப் பொருள் கேட்ட சம்பவம் அது.

இப்போது மாணவனின் கேள்வி. 'ஒற்றையாட்சி' என்பதில் 'ஒற்றை' ஆட்சியைச் சிறப்பிக்கிறது. ஆள்வது ஒரே மையம் என்பது பொருள். 'ஒருமித்த நாடு' என்பதில் அடைமொழி நாட்டுக்கு. ஆட்சி எத்தகையது என்ற வினாவுக்கு, நாடு எத்தகையது என்று விடை கூறுகிறது இத்தொடர். மேலும், ஒருவர் தனியே ஒருமிக்க இயலாது. அவ்வினைக்கு இருவராவது வேண்டும். அது இறந்தகாலப் பெயரெச்சமாதலால், அந்தச் செயல் நடந்து முடிந்துவிட்டதென்றும் அது சொல்கிறது. நடந்ததா?

தெஹிவளையில் எங்கள் அடுத்த வீட்டில் இளைப்பாறிய தபால் அதிபர் ஒருவர் இருக்கிறார், சிங்களவர். மாலையில் கடற்கரை ரயில் பாதை ஓரமாக இருவரும் நடப்பது வழக்கம். அவரிடம் 'ஒருமித்த' என்பதன் பொருளைச் சிங்களத்தில் விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, "மாஸ்டர், அது ஏக்கிய அல்லவே. அது எகமுத்து" என்றார். எகமுத்து என்றால் ஒற்றுமைப்பட்ட என்று பொருள். "இரண்டு பேருக்கும் இரண்டு கடதாசியில் வெவ்வேறு சொல்லை எழுதிக் கொடுத்து, ஒன்றுதான் என்று சொன்னால் நாளைக்குச் சண்டை வராதா?" என்றும் கேட்டார். அவர் தமிழ் இலக்கணம் படித்தவர் அல்லர். அறிக்கையின் குறையை என்னைவிடத் தெளிவாகக் கண்டவர் அவரே.

அந்த முயற்சி நிறைவேறாமலே 2020இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. 'ஒருமித்த நாடு' சட்டமாகவில்லை. ஆனால் வினாத்தாளில் வாழ்கிறது.

மறுநாள் வகுப்பில், "ஒருமித்தோம் என்ற வினைக்கு எழுவாய் எழுதுக" என்று கரும்பலகையில் எழுதினேன். பலர் 'நாங்கள்' என்று எழுதினர். கேள்வி கேட்ட மாணவன் மட்டும் 'நாம்' என்று எழுதினான். 'நாங்கள்' கேட்பவனை வெளியே நிறுத்துகிறது. 'நாம்' அவனையும் உள்ளே அழைக்கிறது. பேச்சில் நாம் பெரும்பாலும் 'நாங்கள்' என்றே சொல்லிவிடுகிறோம். சிங்களத்தில் 'அபி' என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும். நம் மொழியிலோ வேறுபாடு இலக்கணத்திலேயே இருக்கிறது.

அவனுக்கு முழுப் புள்ளி வழங்கினேன். "சேர், இது சரியான விடையா, நீங்கள் விரும்பும் விடையா?" என்று கேட்டான். இலக்கணப்படி இரண்டும் சரியே என்றேன். மற்றதற்கு விடை நேயர்களாகிய உங்களிடமும், தபால் அதிபரைப் போன்ற அயலவரிடமும் இருக்கிறது.