கைத்தொலைபேசியின் நெரிசற் கணக்கு



இப்பேச்சை இவ்வேளையில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கின்றீர்கள் என்பது பற்றி வானொலி நிலையத்தின் ஒலிபரப்புக் கருவிக்கு யாதொரு கவலையும் இல்லை. பத்துப் பேர் கேட்பினும் பத்து இலட்சம் பேர் கேட்பினும் அது அனுப்பும் அலை ஒன்றே. 1925ஆம் ஆண்டு கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கிய காலம் முதல் இன்று வரை அதன் இயல்பு இதுதான். ஆனால், உங்கள் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கின்ற கைத்தொலைபேசியும் வானொலிக் கருவியே எனினும், அதன் இயல்பு முற்றிலும் வேறானது. அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனி வழி வேண்டும். கேட்போர் பெருகப் பெருக இடம் சுருங்கும். வெள்ளவத்தையில் மாலை ஏழு மணிக்குத் தொலைபேசித் திரையிலே அலைவலிமையைக் காட்டும் கோடுகள் முழுமையாய் நிற்க, அழைப்பு மட்டும் போய்ச் சேராத விந்தையைப் பலரும் கண்டிருப்பீர்கள். அக்கோடுகள் கோபுரத்தின் அலை எவ்வளவு வலிமையாக வந்து சேர்கின்றது என்பதைத்தான் கூறும்; அக்கோபுரத்தில் உங்களுக்கு இடம் இருக்கின்றதா என்பதைக் கூறமாட்டா. வாசற் கதவு திறந்திருப்பது ஒன்று. உள்ளே நாற்காலி இருப்பது மற்றொன்று.

நாற்காலிகள் ஏன் குறைவு என்பதை முதலிற் பார்ப்போம். வானொலி அலைகளுக்குரிய மீடிறன்கள் வரையறைக்கு உட்பட்டவை. நிலத்தைப் போல அவற்றையும் புதிதாக உண்டாக்க இயலாது. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரிங் என்னும் பொறியியலாளர் இதற்கு ஓர் உபாயம் கூறினார். நகரம் முழுமைக்கும் ஒரே பெருங்கோபுரத்தை நாட்டாமல், நகரத்தைச் சிறு சிறு கலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வலிமை குறைந்த ஒரு நிலையத்தை வைத்தால், ஓரிடத்தில் வழங்கும் மீடிறனையே சற்றுத் தொலைவிலுள்ள இன்னோரிடத்திலும் மீண்டும் வழங்கலாம் என்பதே அவ்வுபாயம். தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணங்களாக வரையப்படும் அப்படம் இன்றும் பொறியியற் பாடநூல்களில் உள்ளது. உண்மையான நகரத்தில் எந்தக் கலமும் அறுகோணமாய் இருப்பதில்லை என்பது வேறு கதை.

இத்துறையில் எம் நாடு பின்தங்கியிருந்ததில்லை. தென்னாசியாவின் முதலாவது கல முறைத் தொலைபேசிச் சேவையைச் செல்டெல் நிறுவனம் 1989இல் இலங்கையிலேயே தொடங்கியது. 1995இல் டயலொக்கின் இலக்கமுறைச் சேவை வந்தது. 2006இல் மூன்றாம் தலைமுறைச் சேவையும் தென்னாசியாவில் இங்கேதான் முதலில் வந்தது. செல்டெல் பெயர்கள் பல மாறி, 2018இல் ஹட்ச் நிறுவனத்தோடு இணைந்தது. 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர, இப்பொழுது மூன்று நிறுவனங்களே இப்பணியைச் செய்கின்றன. பாவனையிலுள்ள இணைப்புகளின் எண்ணிக்கையோ நாட்டின் மக்கள் தொகையையும் விஞ்சிவிட்டது.

இனி, இப்பேச்சின் உயிரான பகுதிக்கு வருவோம். கணக்கென்றால் அஞ்சும் நேயர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நானும் கலைப் பட்டதாரியே.

கொப்பன்ஹேகன் நகரத் தொலைபேசிக் கம்பனியில் ஏர்லாங் என்றொரு கணித அறிஞர் பணியாற்றினார். ஊரார் எல்லோரும் எப்பொழுது அழைப்பர் என்று எவராலும் கூறமுடியாத நிலையில், எத்தனை இணைப்புக் கம்பிகள் இருந்தாற் போதும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. 1909இல் முதற் கட்டுரையையும் 1917இல் தம் புகழ்பெற்ற சூத்திரத்தையும் வெளியிட்டார். தனி மனிதன் எப்பொழுது பேசுவான் என்பது தெரியாது; ஆயிரம் மனிதர் சேர்ந்தால் அவர்களுடைய பேச்சின் அளவு ஓர் ஒழுங்குக்குள் வந்துவிடும் என்பதே அவர் கண்ட உண்மை. ஒரு வழி ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சிலேயே இருக்குமாயின், அதனை ஓர் ஏர்லாங் என அவர் பெயராலேயே இன்று அளக்கின்றோம்.

இரண்டாம் தலைமுறைக் கைத்தொலைபேசியில் ஓர் அலைவரிசையை எட்டுக் காலத் துண்டுகளாகப் பகுப்பர். ஒன்றைக் கட்டுப்பாட்டு வேலைக்கு ஒதுக்கினால் பேச்சுக்கு ஏழு எஞ்சும். நெரிசலான வேளையில் நூறு அழைப்புகளில் இரண்டுக்கு மேல் மறுக்கப்படலாகாது என்பது பொறியியலாளர் வழக்கமாகக் கொள்ளும் அளவு. அவ்வளவின்படி ஏழு வழிகள் தாங்கக்கூடிய பேச்சு ஏறத்தாழ 2.94 ஏர்லாங். ஒருவர் அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றரை நிமிடம் பேசுவாராயின், சுமார் 117 பேருக்கு அது போதும். சரி, வழிகளை இரட்டித்துப் பதினான்காக்கினால் எத்தனை பேருக்குப் போதும்? 234 என்று விடை கூறுவோம். ஆனால் விடை 328! தனித்தனியே நின்ற இரு சிறு குளங்களை ஒரே குளமாக்கியதனால் வந்த இலாபம் இது. கிராமத்துக் கோபுரம் ஒன்று நகரத்துக் கோபுரத்தைப் போல் ஏன் சிக்கனமாய் இயங்குவதில்லை என்பதற்கும், நிறுவனங்கள் ஏன் ஒன்றோடொன்று இணைய விரும்புகின்றன என்பதற்கும் விடையின் ஒரு பகுதி இங்கே உண்டு.

இக்கணக்கின் மறுபக்கம் கொடிது. அதே பதினான்கு வழிகளுக்கு 328 பேருக்குப் பதிலாக அதன் இருமடங்கினர் வந்து சேர்ந்தால், மறுக்கப்படும் அழைப்புகள் நூற்றுக்கு நாலாக உயரும் என எண்ணத் தோன்றும். உண்மையில் நூற்றுக்கு இருபத்தாறுக்கு மேல் உயர்ந்துவிடும். மறுக்கப்பட்டவர் வாளாவிருப்பாரா? மீண்டும் மீண்டும் எண்ணை அழுத்துவார். நெரிசலை நெரிசலே பெருக்கும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்தது இதுவே. ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி விடுமுறையும் சேர்ந்த அக்காலையில், கடல் கரையேறிய செய்தி பரவியதும் நாடெங்குமுள்ளோர் தம் உறவினரை அழைக்க முயன்றனர். பேச்சு அழைப்புகள் நெரிசலில் அகப்பட்டு நிற்க, குறுஞ்செய்திகள் பல போய்ச் சேர்ந்தன. காரணம் எளிது. குறுஞ்செய்தி பேச்சு வழியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. கட்டுப்பாட்டு வேலைக்கென ஒதுக்கிய சிறு வழியிலே நுழைந்து ஒரு கணத்திற் சென்றுவிடும். தாயொருத்தி தன் பிள்ளை உயிரோடிருப்பதை இரு சொற்களால் அறிந்துகொள்வதற்கு அச்சிறு வழி போதும். ஆகையால் இடர்க்காலத்தில் பேசவேண்டாம், எழுதியனுப்புங்கள் என்று எங்கள் மாணவருக்கு நான் சொல்லிக்கொடுப்பதுண்டு.

இன்னொரு குறையை 2022ஆம் ஆண்டின் மின்வெட்டு எமக்குக் காட்டியது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. கோபுரமும் மின்சாரத்தால் வாழ்வது, அதன் மின்கலங்கள் சில மணி நேரமே தாங்கும், அப்பால் மின்பிறப்பாக்கிக்கு டீசல் வேண்டும், டீசலுக்கோ வரிசை. வலையமைப்பின் திறமை வானத்தில் மட்டுமன்று, தரையிலும் தங்கியிருக்கின்றது.

வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் நோக்குவோம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்குமிடையே ஒழுங்கைகள் பல இறங்குகின்றன. அவற்றின் இருமருங்கும் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. மேற்கே கடலின்மேல் அலையைத் தடுப்பார் எவருமில்லை. அது நெடுந்தூரம் வீணே ஓடும். ஆதலால் உணர்கொம்பைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பர். கடலோரப் புகையிரதம் வேலைவிட்டுச் செல்வோரைச் சுமந்து கடக்கும்பொழுது, நூற்றுக்கணக்கான தொலைபேசிகள் ஒரே நேரத்தில் ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்குக் கைமாறுகின்றன. கொட்டாஞ்சேனையின் நிலைமை வேறு. ஜெம்பட்டா வீதியை ஒட்டிய குறுந்தெருக்களில் வீட்டோடு வீடு சேர்ந்திருக்க, உள்ளறையிலிருந்து பேசுபவரின் அலை பல சுவர்களைக் கடக்க வேண்டும். 900 மெகாஹேர்ட்சு அலை சுவரை ஒருவாறு ஊடுருவும்; 1800 அவ்வளவு எளிதாக ஊடுருவாது. அத்துடன் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் ஜூன் 13இல் வரும்; ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். அந்நாட்களில் ஆண்டு முழுவதற்கும் வகுத்த கணக்குக் கலைந்துபோகும்.

சுவர்களும் மாடிகளும் அலைக்குப் பகை என்றே நெடுங்காலம் கருதினர். அக்கருத்தைத் தலைகீழாக மாற்றியவர்களுள் முதன்மையானவர், 1944இல் பொள்ளாச்சியிற் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையிலிருந்து நீரடி ஒலியாய்வு செய்தவர், பின்பு அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் சென்றார். அனுப்பும் இடத்திலும் பெறும் இடத்திலும் பல உணர்கொம்புகளை வைத்தால், சுவர்களிற் பட்டுத் தெறித்து வெவ்வேறு பாதைகளில் வரும் அலைகளைத் தனித்தனியே பிரித்தறிந்து, ஒரே மீடிறனில் பல செய்திகளை ஒருங்கே அனுப்பலாம் என்று கண்டு, 1992இல் தோமஸ் கைலாத்துடன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நான்காம், ஐந்தாம் தலைமுறைச் சேவைகளுக்கு இதுவே அடித்தளம். 2014இல் மார்க்கோனிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. எம் பாடசாலைச் சுவர்களிலே அவர் படமொன்று தொங்கக் காணோம் என்பது எனக்கு வருத்தமே.

வலையமைப்பை வகுப்பது ஒரு கலை. வகுத்தது சரியாக இயங்குகின்றதா என அளப்பது வேறொரு கலை. இவ்வகையில் கொழும்பும் சென்னையும் கைகோத்த முயற்சியொன்று உண்டு. 2004இல் கொழும்பில் நிறுவப்பட்ட லேர்ன் ஏசியா என்னும் ஆய்வு நிறுவனமும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து, இணையச் சேவையின் தரத்தை வாடிக்கையாளரின் பக்கத்தில் இருந்தே அளக்கும் முறையொன்றை ஆக்கின. அதற்கு அசோக திஸ்ஸ எனப் பெயரிட்டனர். பாடலிபுரத்து அசோகனும் அநுராதபுரத்துத் தேவநம்பிய தீசனும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டவர்கள் என்று மகாவம்சம் கூறும். கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் அறிந்த நமக்கு இப்பெயரின் அழகைச் சொல்லித்தர வேண்டுமா?

அம்முறையின் சிறப்பு யாது? விளம்பரத்தில் வரும் ஒரேயொரு வேக எண்ணோடு அது நிற்பதில்லை. இறக்கும் வேகம், ஏற்றும் வேகம், செய்தி போய்த் திரும்பும் தாமதம், அத்தாமதத்தின் தடுமாற்றம், வழியில் தொலையும் பொதிகள், சேவை கிடைக்கும் நேரம் ஆகியவற்றை அளக்கும். நாளின் பல வேளைகளிலும் அளக்கும். பாதையையும் துண்டு துண்டாகப் பிரித்து, சேவை நிறுவனம் வரை ஒன்று, நாட்டுக்குள் ஒன்று, கடல் கடந்து ஒன்று என நோக்கும். கொழும்பிலும் சென்னையிலும் அளந்தபோது, வீட்டுக்கு அருகில் விரைந்தோடிய சேவை வெளிநாட்டுத் தளங்களை நாடுகையில் தளர்ந்தது வெளிப்பட்டது. மக்கள் கோபுரத்தை ஏசிக்கொண்டிருக்க, இறுக்கம் இருந்ததோ கடல் கடந்த இணைப்பில்!

அதே நிறுவனம், ஆளடையாளம் நீக்கிய தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு மக்கள் நடமாட்டத்தையும் ஆராய்ந்தது. கொழும்பு நகரிற் பகலில் இருப்போரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் சுற்றுப்புறங்களிலிருந்து வருவோர் என்பது அதிற் பெறப்பட்டது. கோட்டையில் பகலில் நிரம்பும் கலம் இரவில் வெறுமையாகும். வெள்ளவத்தைக் கலமோ இரவிலே நிரம்பும். நாற்காலி ஓரிடத்தில், அமர்வோர் வேறிடத்தில். இத்தகைய பதிவுகள் நகரத் திட்டத்துக்குப் பெரிதும் உதவும். ஆனால் யார் எங்கே சென்றார் என்பதைத் துருவும் கருவியாகவும் அவை மாறக்கூடும்; சட்டத்தின் காவல் இன்றி அவற்றை எவர் கையிலும் ஒப்படைக்கலாகாது என்பதே என் எண்ணம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின், இவ்வளவுகள் பொறியியலாளரின் பொழுதுபோக்கு அல்ல என்பது எங்களுக்குத் தெரிந்தது. போஹிட்டியாவ என்னும் மலைக்கிராமத்தில், அலை கிடைக்கும் பாறையுச்சிக்கு ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டுவழியே ஏறிய செய்தியை 2021இல் உலகமே படித்தது. அங்கே கோபுரம் இல்லை. கொட்டாஞ்சேனையில் கோபுரம் கண்ணுக்கெதிரே நின்றது. ஆயினும் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி இருந்த வீடுகளில், தெரு முழுவதும் பாடம் இறக்கிய மாலை வேளைகளில், ஆசிரியரின் முகம் திரையில் உறைந்து நின்றுவிடும். முன்னாளில் மறுக்கப்பட்ட அழைப்பு, இந்நாளிற் பொதிகளின் வரிசையாகி, மெல்ல மெல்ல ஊர்ந்தது. பாறையேறிய பிள்ளையை எல்லோரும் கண்டனர். வீட்டு மூலையில் உறைந்த திரைமுன் அமர்ந்திருந்த பிள்ளையை எந்தப் புள்ளிவிவரமும் காட்டவில்லை. மாவட்டத்துக்கு ஒரு சராசரி எடுத்தால் கொழும்பு முதலிடத்தில்தான் நிற்கும். சராசரிக்குள் அக்குறுந்தெரு மறைந்துபோகும்.

ஆகவே அளவைகள் தெருத்தெருவாக, மாலை ஏழு மணிக்கு எடுக்கப்பட்டு, மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். அளப்பதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டுவதில்லை. உயர்தர வகுப்பு மாணவர் இருவரும், ஒரு கைத்தொலைபேசியும், ஒரு குறிப்பேடும் போதும். ஜெம்பட்டா வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, ஐம்பது அடிக்கு ஒரு தரம் நின்று, அலைவலிமையை ஒரு நிரலிலும் வேகத்தை மறு நிரலிலும் குறித்தால், இரண்டும் எவ்விடத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது அன்றிரவே தெரிந்துவிடும்.