வழிநடையில் கிடைக்கும் வரங்கள்

(பொன்விழா ஆண்டில் வேளாங்கண்ணிப் பாதயாத்திரைக்குப் பெயர் கொடுத்திருந்த நம் பங்கு மக்களுக்குப் பங்குத் தந்தை ஆற்றிய உரை)

 

புறப்படுமுன் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்று மரியாயின் சேனையார் கேட்டுக்கொண்டார்கள். தவம், ஒறுத்தல், பொருத்தனை ஆகியவற்றைப் பற்றிச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றையெல்லாம் தபசு காலத்தில் வேண்டிய அளவு கேட்டிருக்கிறீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மோர், புளியமர நிழல், வாய்க்கால் குளியல், பசி, தூக்கம். சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். பேச்சே அதைப் பற்றியதுதான்.

சென்ற மாதம் பங்குப் பேரவையிலே பெரியவர் ஒருவர் எழுந்து, "சாமி, நம்ம பிள்ளைங்க தவம் பண்ணப் போறாங்களா, உல்லாசப் பயணம் போறாங்களா? வழி நெடுக ஒரே சிரிப்பும் கும்மாளமுமா இருக்கே!" என்று கேட்டார். அவர் வீட்டிலிருந்து குறை சொல்லுகிறவர் அல்லர். பல ஆண்டுகள் நடந்து கால் காய்த்துப்போனவர். ஆகையால் அவருடைய கேள்விக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். பேரவைக் கூட்டத்தில் அதற்கு நேரம் போதவில்லை.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் கோவிலிலேயே தங்கிவிட்டார். சூசையப்பரும் மாதாவும் ஒரு நாள் வழிநடை முழுவதும் அதைக் கவனிக்கவில்லை. உலகத்திலேயே மிகவும் அக்கறையுள்ள தாய்க்கு இது எப்படி நேர்ந்தது? உறவினர் கூட்டத்தில் எங்காவது பிள்ளை வந்துகொண்டிருப்பான் என்று எண்ணினார்கள் என்கிறார் லூக்கா. அப்படியானால் அந்தக் கூட்டம் எப்படி இருந்திருக்கும்? எல்லாரும் தலை குனிந்து, வாய் பேசாமல், வரிசையாக நடந்திருந்தால் பிள்ளை இல்லாதது கால் மணி நேரத்தில் தெரிந்துபோயிருக்கும். பிள்ளைகள் முன்னும் பின்னும் ஓடியிருக்கிறார்கள்; பெரியம்மா வீட்டுக் கட்டுச்சோற்றில் இவர்கள் கை வைத்திருக்கிறார்கள்; பெண்கள் ஒரு கூட்டமாகக் கதை பேசியிருக்கிறார்கள். நாசரேத்துக்கும் எருசலேமுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல் வழி. அத்தனை தூரம் போகும் கூட்டம் பாடாமலும் சிரிக்காமலும் போகாது. திருப்பாடல்களில் 120 முதல் 134 வரையுள்ள பதினைந்தும் அப்படி மலையேறிப் போகிறவர்களுக்கென்றே அமைந்தவை. திருக்குடும்பமே கலகலப்பான யாத்திரைக் கூட்டத்தில்தான் நடந்தது. பெரியவர் மன்னிக்க வேண்டும்.

இனி நம் வேளாங்கண்ணிக்கு வருவோம். அந்தத் தலத்தின் வரலாறு எதில் தொடங்குகிறது? பாலில். குளக்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறிய பால்காரச் சிறுவனிடம், கையில் குழந்தையோடு நின்ற அன்னை கொஞ்சம் பால் கேட்டார்கள் என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்த மரபு. பின்பு நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனிடம் குழந்தைக்காக மோர் கேட்டு வாங்கினார்கள். அவன் கால் குணமாகி, செய்தி சொல்ல நாகப்பட்டினத்துக்கு ஓடினான் என்பது அடுத்த மரபு. மூன்றாவதுதான் புயலில் தப்பிக் கரையேறிய போர்த்துக்கீசிய மாலுமிகளின் வரலாறு. பேராலயத்துக்கு 1962-இல் பசிலிக்கா என்னும் சிறப்பைத் திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவான் வழங்கினார். பெரிய கோபுரம், பெரிய கொடிமரம், பெரிய கூட்டம் எல்லாம் பின்னால் வந்தவை. முதலில் ஒரு செம்புப் பாலும் ஒரு குவளை மோரும்தான். அந்த ஓட்டத்தையும் கவனியுங்கள். வேளாங்கண்ணிப் பாதையில் நாம் அறிந்த முதல் நடை, நடக்க முடியாத ஒரு பையனுடைய கால் நடந்தது. அவனுக்கு அன்றைக்கு நடையே பெரிய இன்பமாக இருந்திருக்கும். நமக்குக் கால் இருப்பது, கொப்புளம் வந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது!

திருச்சியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். முதல் இரண்டு நாள் கஷ்டம். துவாக்குடி தாண்டிச் செங்கிப்பட்டி, வல்லம் வரையில் செம்மண் காடு. நாற்கரச் சாலை வந்தபின் நிழலும் குறைந்துவிட்டது. தஞ்சாவூர் தாண்டி அம்மாபேட்டை வழியில் இறங்கியதும் காற்றே மாறிவிடும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்த ஆண்டாயிருந்தால், ஆகஸ்டு கடைசியில் வாய்க்காலெல்லாம் தண்ணீர். நீடாமங்கலத்தருகே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து போகின்றன. அந்தப் பக்கம் போகும்போது மதகின் மேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். காரில் போகிறவனுக்கு வெண்ணாறு ஒரு பாலம். அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். நடந்து வந்தவனுக்கு அது உள்ளங்கால் வழியாகத் தலை வரை ஏறும் குளிர்ச்சி. அதே ஆறு, அதே தண்ணீர். அதை அனுபவிக்கும் உடம்பை நடை நமக்குத் தயார் செய்து தருகிறது.

மோர்ப்பந்தலும் அப்படித்தான். வீட்டில் மோர் கொடுத்தால் "உப்புக் குறைவு" என்போம். கொரடாச்சேரிச் சாலையில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கிடைக்கும் மோரில் யாரும் குற்றம் கண்டதில்லை. அதைக் கொடுக்கிறவர்களில் பலர் நம் மதத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். இந்துச் சகோதரர்கள் வாசலில் பானை வைத்துக் காத்திருக்கிறார்கள். இசுலாமியச் சகோதரர்கள் தண்ணீரும் பழமும் தருகிறார்கள். நம் ஆண்டவரே நண்பகல் வேளையில், நடந்து களைத்து, யாக்கோபின் கிணற்றருகே உட்கார்ந்து, யூதர் பழகாத சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். வாங்கிக் குடிப்பதற்கும் ஒரு தாழ்மை வேண்டும். கொடுப்பதில் நமக்கெல்லாம் பழக்கம் உண்டு. பங்கில் நன்கொடை ரசீதுப் புத்தகமே வைத்திருக்கிறோம். முன்பின் தெரியாதவர் கையிலிருந்து வாங்கிக் குடிப்பதை இந்தச் சாலைதான் கற்றுத் தருகிறது.

இப்போது சற்றுக் கனமான ஒரு விஷயம். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். அவருடைய அனுமதியோடு சொல்லுகிறேன், பெயர் வேண்டாம். வளர்ந்த மகனைப் பறிகொடுத்தவர். அடுத்த ஆண்டு யாத்திரைக்கு வந்தார். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கவில்லை. வேண்டிக்கொள்ள என்ன இருக்கிறது? திரும்பி வந்த வாரம் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே நின்று என்னிடம் சொன்னார்: "சாமி, மூணாம் நாள் ராத்திரி கஞ்சியும் துவையலும் குடுத்தாங்க. எனக்குப் பசிச்சுச்சு. பிள்ளை போனதிலேருந்து பசின்னு ஒண்ணு வந்ததே இல்ல. ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சேன். ருசியா இருந்துச்சு. அப்புறம் பள்ளிக்கூடத் திண்ணையில படுத்து விடியிற வரைக்கும் தூங்கிட்டேன். பிள்ளையைக் குழியில வச்சிட்டு நான் ருசிச்சுச் சாப்பிட்டேனே, இது பாவமா சாமி?"

நான் அவருக்கு எலியா இறைவாக்கினரின் வரலாற்றைச் சொன்னேன். எலியா சாகவேண்டுமென்று கேட்டுப் பாலைவனத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் படுத்துவிட்டார். அரசர்கள் முதல் நூலில் பத்தொன்பதாம் அதிகாரம். அப்போது கடவுள் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டதென்று கண்டிக்கவும் இல்லை. தூங்கவிட்டார். வானதூதரை அனுப்பித் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார். வழி நீளமானது என்பதுதான் காரணம். ஓரேபு மலையும், மெல்லிய காற்றின் ஓசையும், இறைவனின் பேச்சும் அதற்குப் பிறகுதான். அப்பமும் தூக்கமும் முந்திக்கொண்டன.

குருமடத்தில் நாங்கள் புனித அக்குவினா தோமாவைப் படித்தபோது, வறட்டுத் தத்துவம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அந்த மகான் தம் பெரிய இறையியல் தொகுப்பில், துயரத்துக்கு மருந்து எது என்று தனியாக ஒரு கேள்வியே வைத்திருக்கிறார். ஏதேனும் ஓர் இன்பம், கண்ணீர், நண்பர்களின் இரக்கம், உண்மையைத் தியானித்தல் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாகத் தூக்கத்தையும் குளியலையும் சேர்க்கிறார். 1274-இல் இறந்த துறவி எழுதியது இது! நம் யாத்திரையை எண்ணிப் பாருங்கள். கஞ்சி இருக்கிறது, அழுவதற்குத் தோள் இருக்கிறது, கூட நடப்பவர்கள் இருக்கிறார்கள், செபமாலை இருக்கிறது, வாய்க்கால் குளியலும் திண்ணைத் தூக்கமும் இருக்கின்றன. அந்தத் தாய்க்கு மகன் திரும்பி வரவில்லை. துக்கமும் போய்விடவில்லை, நேற்றுகூட அழுதார். ஆனால் பசித்தது. அது பாவமல்ல, ஆண்டவர் அனுப்பிய அப்பம் என்று சொன்னேன். இன்றும் அதையே சொல்லுகிறேன்.

நான் இவற்றை இன்பம் என்று சொல்லுவதால், எதையும் செய்யலாம் என்று இளைஞர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியவரின் குற்றச்சாட்டில் நியாயமும் இருக்கிறது. வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் காதைத் துளைக்கிறீர்கள். பிறகு குயில் சத்தம் எப்படிக் கேட்கும்? கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே நடப்பவனுக்குக் கூட நடப்பவன் முகம் தெரியாது. சாப்பிட்ட தட்டையும் தண்ணீர்ப் புட்டியையும் வயலில் எறிவது, மோர் கொடுத்தவன் நிலத்தில் குப்பை போடுவதாகும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய "இறைவா உமக்கே புகழ்" என்ற சுற்றுமடலில், உணவுக்கு முன்னும் பின்னும் நின்று நன்றி சொல்லும் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும்படி கேட்டிருந்தார். நம் வீடுகளில் அது எப்போதோ நின்றுவிட்டது. சாலையோரக் கஞ்சிக்கு முன்னாலாவது தொடங்குவோம்.

வேண்டுதலோடு போகிறவர்களுக்கு ஒரு சொல். வேண்டுங்கள், தாயிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? ஆனால் ஐந்து நாளும் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு போனால், வழியில் கொடுக்கப்படுகிற எதுவும் கண்ணில் படாது. எம்மாவுஸ் போன சீடர் இருவரும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வழியில் ஆண்டவரோடேயே நடந்தார்கள். தாங்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று அவரிடமே முறையிட்டார்கள்! கடைசியில் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது.

சில ஏற்பாடுகள். ஆகஸ்டு 25 அதிகாலை புறப்பட்டு, 29 மாலைக் கொடியேற்றத்துக்கு முன் போய்ச் சேருகிறோம். புதுச்செருப்பு வேண்டாம், பழகினதையே போடுங்கள். படுக்குமுன் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவுங்கள். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிராமல் உப்புப் போட்ட கஞ்சியோ மோரோ சேர்த்துக்கொள்ளுங்கள். சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நடக்க வேண்டும். பையின் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டாதவர்களை விடியுமுன் புறப்பட விடமாட்டேன். முடியாதவர்கள் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். அதில் வெட்கம் எதுவுமில்லை. வீட்டில் படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கு, அன்றன்று எந்த ஊரில் இருக்கிறோம் என்று உபதேசியார் மாலையில் செய்தி சொல்லுவார். அவர்கள் அங்கிருந்தே நம்மோடு செபமாலை சொல்லட்டும்.

இன்னொன்று. மோர்ப்பந்தலில் குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது கொடுத்தவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டில் எழுதி என்னிடம் சேர்த்துவிட்டால், 29-ஆம் தேதி காலை நம் கூட்டத்தாருக்கு வைக்கும் திருப்பலியில் அந்தப் பெயர்களையெல்லாம் வாசிக்கிறேன். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். 25-ஆம் தேதி அதிகாலை மூன்றரை மணிக்குக் கோவில் மணி அடிக்கும்.