ஆறு இலக்கத்துக்குள் ஒரு மலை

மாதக் கூட்டத்தில் பேசியதைச் செய்திமடலுக்கு எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். அன்று பேசியது இதுதான்.

உங்கள் பின்கோடில் கடைசி மூன்று இலக்கம் எதைக் குறிக்கிறது? 'எங்கள் தெரு' என்று பலர் நினைக்கிறோம். தெரு இல்லை, தபால் நிலையம். கடிதம் எந்த அலுவலகத்தில் இறங்க வேண்டும் என்று மட்டும் அது சொல்கிறது. வீட்டைக் கண்டுபிடிப்பது தபால்காரர்.

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் ஒயந்தாய்தம்போ என்று ஓர் இடம். மச்சு பிச்சு போகிறவர்கள் ரயில் ஏறும் ஊர். இன்கா காலத்தில் போட்ட தெருக்களில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அந்த நாட்டில் நிர்வாகம் மூன்று படி: டிபார்ட்மென்ட், ப்ராவின்ஸ், டிஸ்ட்ரிக்ட். டிஸ்ட்ரிக்ட் என்றதும் நம் மாவட்டத்தை நினைக்காதீர்கள், அங்கே அது கடைசிப் படி. படிக்கு 2 இலக்கம் என்று அரசின் புள்ளிவிவர நிறுவனம் எண் கொடுத்திருக்கிறது. 081306 என்றால் 08 குஸ்கோ, 13 உருபம்பா, 06 ஒயந்தாய்தம்போ. 2011இல் வந்த 5 இலக்கத் தபால் குறியீடும் குஸ்கோவுக்கு 08 என்றே தொடங்குகிறது.

பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ப்ராவின்ஸ், டிஸ்ட்ரிக்ட் படிகளில் தலைநகருக்கு 01 கொடுத்துவிட்டு, மற்றதைப் பெரும்பாலும் அகர வரிசையில் அடுக்கிவிட்டார்கள். பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி. மலைக்கு அகர வரிசை தெரியுமா?

ஒயந்தாய்தம்போ ஊர் சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே மக்காச்சோள வயல். அங்கிருந்து பத்தகன்ச்சா ஆற்றோடு மேலே ஏறினால் வியோக் வரும், அதற்கும் மேலே பத்தகன்ச்சா கிராமம். ஏற ஏற மக்காச்சோளம் போய் உருளைக்கிழங்கு வரும், அதுவும் போய் அல்பாகா மேயும் புல்வெளி வரும். பேச்சு கெச்சுவா மொழி. இன்னொரு பக்கம் மாலகா கணவாய், 4,300 மீட்டருக்கும் மேல். ரயிலடிக் கடைக்கும் இந்த மலைக் குடிசைக்கும் ஒரே எண், 081306. மலை முகட்டைத் தாண்டி லாரெஸ் பக்கம் இறங்குங்கள், எண் 080404 ஆகிவிடும். இரண்டும் அடுத்தடுத்த பள்ளத்தாக்குகள்தான். 13க்கும் 04க்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

இன்னொரு வேடிக்கை. தேசிய அடையாள அட்டை வழங்கும் அலுவலகம் தனி வரிசை வைத்திருக்கிறது. அதில் குஸ்கோ 07. புள்ளிவிவர வரிசையில் 07 என்பது கயாவோ, லிமாவை ஒட்டிய கடற்கரைத் துறைமுகம். இரண்டு பட்டியலையும் கலந்துவிட்டால் மலையில் இருப்பவர் காகிதத்தில் கடலோரவாசி ஆகிவிடுவார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. மேலே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து வண்டி கிளம்புகிறது. டிரைவர் கையில் 081306 என்று மட்டும் இருந்தால், ஊரைத் தாண்டியதும் ஆற்றோடு ஏறுவதா, கணவாய்ப் பக்கம் திரும்புவதா? கிராமத்துக்கும் எண் இல்லாமல் இல்லை. இந்த ஆறோடு இன்னும் 4 இலக்கம் சேர்த்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் 10 இலக்கம் உண்டு. ஆனால் தன் வீட்டுக்கு வழி சொல்கிறவர் யார் அதை ஒப்பிப்பார்? வீட்டு எண் இல்லாத முகவரியில் 'எஸ்/என்' என்று எழுதுவது அந்த நாட்டு வழக்கம். 'எண் இல்லை' என்று பொருள். கிராமத்தின் பெயர், ஆறு, எந்தக் கரை, எந்த வளைவு, இதைச் சொன்னால்தான் வண்டி சரியான பக்கம் திரும்பும்.

அந்தப் பக்கம் யாருக்காவது பார்சல் அனுப்புவதாக இருந்தால் முதலில் பெயர், அடுத்து மலைக் கிராமத்தின் பெயர், பிறகு டிஸ்ட்ரிக்ட், ப்ராவின்ஸ், டிபார்ட்மென்ட் என்று எழுதுங்கள். குறியீட்டை அதற்குப் பிறகு போடுங்கள். படிவத்தில் கிராமப் பெயருக்குக் கட்டம் இல்லையென்றால், பெயருக்குப் பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிடுங்கள்.