உடும்பும் கையும்

"உடும்பு வேண்டாம், கையை விட்டாற் போதும்" என்பது தமிழில் வழங்கும் பழமொழி. பிடிக்கச் சென்றவனே பிடிபட்ட கதை அது. மேலைநாடுகளில் உடும்பினங்களைச் செல்லப்பிராணிகளாக வளர்ப்போர் பலர், அதன் பொருளைக் காலந்தாழ்த்தியே உணர்கின்றனர்.

வாங்கும்போது அது ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட குஞ்சு. கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கிவிடும். சில ஆண்டுகளிலோ ஓர் ஆள் நீளத்துக்கு வளர்ந்துவிடும். அவ்வாறு வளர்க்கப்படுவனவற்றுள் ஒன்று, இலங்கையிற் கபரகொய்யா எனப்படும் நீருடும்பு. கண்டியிற் கிடைத்த ஒன்று 3.21 மீற்றர் நீளமிருந்ததாகப் பதிவு உண்டு.

அச்சமுற்ற உடும்பு முதலில் ஓடவே முயலும். வழி இல்லையாயின் தொண்டையை உப்பச்செய்து சீறும்; வாலைச் சவுக்கெனச் சுழற்றி அடிக்கும்; இறுதியிலேயே கடிக்கும். பின்னோக்கி வளைந்த அதன் பற்கள் பற்றியதை எளிதில் விடா. இதனை மூர்க்கம் என்பது பொருந்தாது. இயற்கை அதற்கு அளித்த முதற் காவல் ஓட்டம். கூண்டு பறித்துக்கொள்வது அந்த ஓட்டத்தையே. எஞ்சுவன சீற்றமும் வாலடியும் கடியுமே.

அங்ஙனமாயின் இவற்றைப் பழக்கவே இயலாதா? இயலும். 1927ஆம் ஆண்டில் இரண்டு கொமோடோ உடும்புகள் இலண்டன் விலங்கினச்சாலைக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கு ஊர்வனவற்றுக்குப் பொறுப்பாயிருந்தவர் ஜோன் புரொக்ரர் அம்மையார். அடுத்த ஆண்டு, விலங்கியற் சங்கத்தாரின் கூட்டத்திலே, அவற்றுள் ஒன்றுக்குத் தம் கையாலேயே உணவூட்டித் தட்டிக்கொடுத்துங் காட்டினார் அவர். ஆனால், அவ்விணக்கம் எளிதில் விளைந்ததன்று. வெப்பமும் ஒளியும் கணித்து அவர் திட்டமிட்ட தனி இல்லமும், ஊர்வனவற்றையே வாழ்நாட் கல்வியாகக் கொண்ட ஒருவரின் இடையறாக் கவனமும் அதற்கு வேண்டியிருந்தன. வீட்டின் மூலையில் ஒரு பெட்டியை வைத்திருப்பவரிடம் இவை ஏது?

இயலாதவர் என் செய்வர்? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள கேப் கோரல் நகரம் அதற்கு விடை கூறும். 600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கால்வாய்கள் ஓடும் நகரம் அது. ஆபிரிக்காவுக்குரிய நைல் உடும்பு 1990ஆம் ஆண்டளவில் அங்கே காணப்பட்டது. செல்லப்பிராணி வணிகத்தின் வழியே வந்து, தப்பியோ கைவிடப்பட்டோ வெளியேறிய உடும்புகள் அங்கேயே பெருகின. நிலத்தில் வளை அமைத்து வாழும் ஆந்தைகளுக்கு அவற்றால் அழிவு நேருமென அஞ்சப்பட்டது. 2021ஆம் ஆண்டில் அம்மாநிலம் நைல் உடும்பைத் தடைசெய்யப்பட்ட இனங்களுள் சேர்த்தது. வளர்த்தவர் கை தப்பிற்று. ஊரின் கை அகப்பட்டுக்கொண்டது.

இலங்கையில் உடும்பும் கபரகொய்யாவும் சட்டத்தாற் காக்கப்படுவன. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு அடிப்படை. எனினும், சட்டத்துக்கு அஞ்சி மட்டும் விலகுதல் போதாது. வாய்க்காலோரத்தில் நண்டையும் எலியையும் அழுகிய பிணத்தையும் தின்று, நிலத்தையும் நீரையும் துப்புரவாக்கும் பிராணி அது. குஞ்சொன்றைச் சிறுவன் ஆசையுடன் ஏந்தி வருவானாயின், அவனைக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. எடுத்த இடத்திலேயே அதனை விடச் செய்து, சற்றுத் தொலைவில் நின்று அது செல்லும் அழகைக் காட்டுதல் பெற்றோர் கடன். ஓட வழி விட்டவர் கையை எந்த உடும்பும் பற்றுவதில்லை.