வரிசை அறிதல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, கவிஞர் பெருமக்களே, வட்டத்தின் உறுப்பினர்களே, விழாத் தொடக்கத்தில் மங்கல இசை வழங்கிவிட்டு இப்போது கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் நாதசுர, தவில் கலைஞர்களே, அனைவர்க்கும் என் பணிவான வணக்கம்.

கடைசி வரிசையில் இருப்போரை நான் தனியே விளித்ததற்குக் காரணம் உண்டு. பத்தாண்டு மலருக்காக வட்டத்தின் பழைய ஆவணங்களைத் தொகுக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. பத்து ஆண்டு விழாக்களின் அழைப்பிதழ்கள், வரவு செலவு ஏடுகள், நிகழ்ச்சிக் குறிப்புகள் ஆகியவற்றை ஒருவாரம் புரட்டினேன். உரையாற்றியோர் பெயர்கள் பட்டங்களோடு இருந்தன. கவியரங்கில் பாடியோர் பெயர்கள் இருந்தன. மாலை வாங்கித் தந்தவர், தேநீர் வழங்கியவர், ஒலிபெருக்கி அமைத்தவர் பெயர்களும் நன்றியுரையில் இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் நம் விழா இசையோடுதான் தொடங்கியது. சில ஆண்டுகளில் நாதசுரம், ஓராண்டு பறை, ஓராண்டு கூத்துக் கலைஞர்களின் பாட்டு. அவர்களைப் பற்றி ஏடுகளில் கிடைத்தது ஒரே சொல்: 'மேளம்'. அதன் எதிரே ஒரு தொகை. பெயர் இல்லை.

நான் நாணினேன். ஏனெனில் பெயரின் அருமை நம்மைப் போல் அறிந்தவர் எவர்? சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் தொலைந்துபோனதற்காக இன்றும் வருந்துகிறோம். அவர்தம் பாட்டில் வந்த அரிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் வழங்குகிறோம். எழுதியவனுக்கு ஒரு தொடராவது எஞ்சியது. இசைத்தவனுக்கு அதுவும் எஞ்சுவதில்லை. வாசித்து முடித்ததும் ஒலி காற்றோடு கலந்துவிடுகிறது. ஆகவே இசைக்கலைஞன் பெயரை எழுதிவைக்கும் கடமை எழுதத் தெரிந்தவர்க்கே உரியது.

இது நான் புதிதாகக் கண்ட அறமன்று. பரிபாடலைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாடலின் அடிக்குறிப்பில் இயற்றிய புலவர் பெயர் இருக்கும். இசை வகுத்தவர் பெயரும் இருக்கும். கண்ணனாகனார், பெட்டனாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் என்று இசையாளர்களை நாம் அறிவது அக்குறிப்புகளால்தான். பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணின் பெயரும் அங்கே உண்டு. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில் இசைஞனுக்குக் கிடைத்த இடம், அச்சும் கணினியும் வந்தபின் நம் அழைப்பிதழில் அவனுக்குக் கிடைக்கவில்லை.

நாம் வாழும் மண் எது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019ஆம் ஆண்டு நவம்பரில் செயற்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டம் வயதில் இளையது. ஆனால் அதன் எல்லைக்குள் அடங்கிய திருக்கோவலூர், மலையமான் திருமுடிக்காரியின் ஊர். கடையெழு வள்ளல்களில் ஒருவனாக எண்ணப்படும் காரி, பாடிவந்தோர்க்குத் தேர்களைக் கொடுத்தவன். அத்தகைய வள்ளலிடம் கபிலர் சென்று, இன்னும் கொடு என்று கேட்கவில்லை. புறநானூற்றின் 121ஆம் பாட்டில் அவர் சொல்லும் கருத்து வேறு. பரிசில் நாடி நாற்றிசையிலிருந்தும் பலர் வருவர். அள்ளிக் கொடுப்பது எளிய செயல். அவரவர் தகுதியின் வரிசையை அறிவதுதான் அரியது. ஆகவே புலவர்களை எல்லாம் ஒன்றுபோல் நோக்குவதை விட்டுவிடு என்பது அவர் அறிவுரை. புலவர்க்குச் சொன்னது இசைவாணர்க்கும் பொருந்தும். கலைஞர்க்கு ஆதரவு என்று நாம் பேசும்போது பொருளையே நினைக்கிறோம். கபிலர் நினைத்தது செவியை.

நம் வட்டாரத்து இசைவாழ்வு எந்த நிலையில் இருக்கிறது? திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைந்த நாடு இது. பாரதம் படிப்பதும் இரவெல்லாம் கூத்து நிகழ்வதும் இங்கே வழிவழி வரும் வழக்கம். சித்திரையில் கூவாகத்துக் கூத்தாண்டவர் விழாவில் அரவான் கதை உயிர்பெறுகிறது. நாம் கூத்தைக் கதை என்றும் வேடம் என்றும் பார்க்கிறோம். அதைத் தாங்கி நிற்பது இசை. முகவீணை, மத்தளம், ஆர்மோனியம், தாளம், பின்பாட்டு ஆகியவை இல்லையேல் கட்டியங்காரன் வாய் திறக்க முடியாது. கோயில்களில் நாதசுரமும் தவிலும் உண்டு. சேரிகளில் பறை உண்டு. மேற்கே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். பெயரைக் கேட்டு வேற்று மொழியினர் என எண்ணுவோர் உளர். அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. 1976ஆம் ஆண்டுவரை சாகிர்தார்களின் ஆட்சியில் இருந்த அம்மலையின் பாட்டை, அடிவாரத்தில் வாழும் நாம் எத்தனை முறை செவிகொடுத்துக் கேட்டிருக்கிறோம்?

இக்கலைஞர்கள் எவரும் நிலையான சம்பளத்தில் இருப்பவர்கள் அல்லர். பங்குனி, சித்திரை, ஆடி, தை என்று விழா மாதங்களை நம்பி ஆண்டை ஓட்டுபவர்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றால் விழாக்கள் நின்றபோது அவர்கள் வீட்டு உலையும் நின்றது. அதற்கு முன்பிருந்தே திருமண வீட்டில் பதிவுசெய்த இசை ஒலிக்கத் தொடங்கிவிட்டது. ஊர்வலங்களுக்குக் கேரளத்துச் செண்டை மேளம் வருகிறது. செண்டை நல்ல கருவி. அதை வாசிப்பவரும் உழைப்பாளியே. நம் தெருவில் இருக்கும் தவிலின் தகுதியை அறியாமலே வெளியூர்க் கருவியைத் தேடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

பறையைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும். அதை ஒரு குலத்தின் மேல் சுமத்திய கட்டாய ஊழியமாகவும், இழவு வீட்டின் ஒலியாகவும் ஆக்கியது நம் சமுதாயம். சாதியின் காரணமாகவே ஒரு தோற்கருவி மேடைக்கு ஆகாததாயிற்று. அந்நிலையை மாற்ற உழைத்தவர்களுள் ஒருவர் அலங்காநல்லூர் வேலு ஆசான். 2025ஆம் ஆண்டு அவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். ஆனால் நம் ஊரில் பறையடிப்பவரை நிகழ்ச்சி முடிந்ததும் நம்மோடு ஒரே பந்தியில் உட்காரவைத்து உணவளித்தோமா? இக்கேள்விக்கு நம் வட்டம் உட்பட எல்லோரும் விடைசொல்ல வேண்டும். மதிப்பு இல்லாத இடத்தில் பணம் கூலியாகிவிடும்.

எழுத்தாளரும் இசைவாணரும் கைகோத்தால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்றுகள் உள்ளன. கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுசென்றது முனைவர் கே.ஏ. குணசேகரனின் குரல். அச்சில் மட்டும் இருந்திருந்தால் அதைச் சில நூறு பேர் படித்திருப்பர். எழுத்தறியாதவரும் அதைத் தம் பாட்டாகக் கொண்டது அக்குரலால். அவர்கள் இருவரையும் 2016ஆம் ஆண்டு நாம் இழந்தோம், பாட்டு நிற்கிறது. சென்னையில் ஊரூர் ஆல்காட்டு மீனவர் குப்பத்தில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய விழா, சபா மேடையின் இசையையும் தெருவின் இசையையும் ஒரே மணலில் இறக்கியது. நீலம் பண்பாட்டு மையம் 2020ஆம் ஆண்டு தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை', மார்கழி என்றால் ஒருவகை இசைக்கே உரியது என்ற எண்ணத்தை அசைத்தது. இவையெல்லாம் பெருநகரத்து முயற்சிகள். நம்மிடம் அவ்வளவு பொருளும் ஆள்வலியும் இல்லை. எனினும் நமக்குரிய வழி ஒன்று உண்டு. அது நம் இலக்கியத்திலேயே இருக்கிறது.

ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையை நாம் வள்ளல்களின் புகழ்ப்பாட்டாகவே பாடம் படித்துவிட்டோம். மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்வோம். கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கத்தில் இருந்த நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது; 583 அடிகள். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் கூத்தர் கூட்டத்திற்கு வழி சொல்கிறான். முழவு, ஆகுளி, குழல், பதலை என அவர்கள் சுமந்துவரும் கருவிகள் ஒவ்வொன்றும் பெயரோடு எண்ணப்படுகின்றன. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும், எந்தச் சிற்றூரில் என்ன சோறு கிடைக்கும் என்றெல்லாம் அவன் விரித்துரைக்கிறான். ஒரு கலைஞன் மற்றொரு கலைஞனுக்குச் செய்யும் உதவி அது. தான் பெற்றதை மறைத்துவைக்கவில்லை, வழியைச் சொன்னான். கலையை ஆதரிப்பது என்பதன் முழு இலக்கணமும் இதில் அடங்கும்.

அந்த இலக்கணத்தின்படி நம் வட்டம் செய்யத்தக்கவை எனச் சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, பெயர். இனி நம் அழைப்பிதழில் இசை வழங்குவோர் பெயரும் ஊரும் கருவியும், உரையாற்றுவோர் பெயர் அச்சாகும் அதே எழுத்தளவில் அச்சாக வேண்டும்.

இரண்டாவது, ஊதியம். தொகையை முன்கூட்டியே பேசி, நிகழ்ச்சி முடிந்த அன்றே கையில் தர வேண்டும். பொன்னாடை போர்த்தியதைக் கணக்கில் கழிக்கலாகாது.

மூன்றாவது, வழிகாட்டல். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென 2007ஆம் ஆண்டு தமிழக அரசு நல வாரியம் அமைத்தது. விண்ணப்பம் எழுதத் தயங்கியே அதில் சேராதோர் உளர். பதிவு இல்லாத கலைஞர், இடர் வரும்போது தாம் கலைஞர் என்பதற்கே சான்று காட்ட இயலாமல் நிற்கிறார். கலை இளமணி முதல் கலை முதுமணி வரை, அகவைக்கு ஏற்ப ஐந்து விருதுகள் மாவட்டந்தோறும் கலைஞர்களுக்கு வழங்கப்படுகின்றன. விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதசுரமும் தவிலும் அங்கே கற்கலாம். இச்செய்திகளை உரியவரிடம் சேர்த்து, படிவத்தை நிரப்பித் தருவது எழுதத் தெரிந்த நமக்கு ஒரு மாலைநேர வேலை. இதுவே இக்காலத்து ஆற்றுப்படை.

நான்காவது, பதிவு. கைப்பேசியில் பாட்டைப் பிடித்து உலகெங்கும் அனுப்புகிறோம். பாடியவர் பெயர் அதில் இருப்பதில்லை. நிகழ்த்துவோர்க்கும் உரிமை உண்டு என்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 1994, 2012ஆம் ஆண்டுத் திருத்தங்கள் உறுதிசெய்துள்ளன. ஆகவே இசைவு பெற்றே பதிய வேண்டும். பெயரிட்டே வெளியிட வேண்டும். ஒரு படியை அவர்களிடமே கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் அரியது. நல்ல செவி. சில ஆண்டுகளுக்குமுன் ஒரு கூத்து முடிந்த விடியலில், முகவீணை வாசித்த முதியவரிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பணம் கேட்பார் என எதிர்பார்த்தேன். இரவு மூன்று மணிக்குமேல் தாம் வாசித்ததில் எது நன்றாக இருந்தது, எது பிசகியது என்று சொல்லக்கூடிய ஆள் ஊரில் ஒருவரும் இல்லாமற் போயினர் என்றார். அவர் குருவின் காலத்தில் அத்தகையோர் திண்ணைக்குத் திண்ணை இருந்தனராம். நான் விடையின்றி நின்றேன். 'அருமை ஐயா' என்று அவரிடம் நான் முன்பு சொல்லியிருந்த பாராட்டு, கபிலர் விலக்கச் சொன்ன பொதுநோக்கே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

நாட்டுப்புறக் கலை என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கி, எல்லோரையும் ஒரே குரலில் புகழ்வது எளிது. அதில் அன்பு உண்டு, மதிப்பு இல்லை. ஒரு கவிதையைக் குறித்து மூன்று மாதம் விவாதிக்கும் நாம், ஒரு தவில்காரரின் தனிவாசிப்பைக் குறித்து ஒரு பக்கமாவது எழுத முயல வேண்டும். தெரியாவிட்டால் அவரிடமே கற்றுக்கொண்டு எழுதலாம். இவர் தோடியில் இன்ன இடம் சிறந்தது, அவர் கையில் இன்ன நடை விளங்குகிறது என்று பெயரிட்டு எழுதும் ஒரு பக்கம் அவரைப் பத்து ஊர்க்கு ஆற்றுப்படுத்தும். கவிஞர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். உங்கள் பாட்டை இசைவாணரிடம் கொடுங்கள். எந்தச் சொல் நாவில் தங்குகிறது, எது தடுக்கிறது என்று அவர் சொல்வதைக் கேளுங்கள். உதவி ஒருவழிப்பட்டதாக இராது.

நம் வட்டம் சிறியது, நிதியும் சிறியது என்று செயலாளர் அவர்கள் நினைக்கலாம். திருக்கோவலூர் வரலாறே அதற்கும் விடை தருகிறது. மழை இரவில் முதலாழ்வார் மூவரும் சந்தித்த இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்பர். அவ்வளவு சிறிய இடத்தில்தான் மூன்று அந்தாதிகள் பிறந்தன. முன்னே வந்தவர் எழுந்து பின்னே வந்தவர்க்கு இடம் கொடுத்தமையால் அது நிகழ்ந்தது. நாமும் சற்று எழுந்து நிற்போம்.

இன்று நமக்கு மங்கல இசை வழங்கிய இருவர் பெயரையும் மேடையேறுமுன் அவர்களிடமே கேட்டறிந்து உங்கள் முன் அறிவித்தேன். அப்பெயர்கள் இம்மலரின் நிகழ்ச்சிப் பக்கத்தில் அச்சாகியுள்ளன. முந்தைய ஒன்பது விழாக்களில் இசைத்தோர் பெயரைத் தேடி எழுதுவதை என் பொறுப்பாக ஏற்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.